ஒரு பென்சில் கனம்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு விஞ்ஞானப் பரிசோதனை சொல்கிறேன். ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்தான். டிக்கெட் காசைத் தவிர செலவு கிடையாது. தேவையானவை: ஒரு சாவி, 30 சென்டிமீட்டர் நூல், பக்கத்து ஸீட்காரர் என்ன நினைப்பாரோ என்று கவலைப்படாத மனசு. மூன்றாவது ஐட்டம் மட்டும் கடையில் கிடைக்காது.

சாவியை நூலில் கட்டி மேல் கம்பியிலிருந்து தொங்கவிடுங்கள். பஸ் நிற்கும்போது நேராகத் தொங்கும். டிரைவர் கியர் மாற்றி விரட்டினால் பின்பக்கம் சாயும். குறுக்கே ஆடு வந்து பிரேக் போட்டால் முன்பக்கம் பாயும். சமதளத்தில் ஒரே சீராகப் போனால், வேகம் இருபதோ அறுபதோ, மறுபடி நேர். அதாவது, எவ்வளவு வேகம் என்பதைப் பற்றிச் சாவிக்குக் கவலையில்லை. வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்பது மட்டும்தான் அதற்கு அக்கறை. பங்கு மார்க்கெட்காரர்களின் மனோபாவம்.

சாரல் ஸீஸனில் நானும் என் தங்கை மகனும் இதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தோம். கண்டக்டர் அருகில் வந்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"என்ன சார், நீரோட்டம் பாக்கீயளா? அங்க அருவியில கொட்டு கொட்டுன்னு கொட்டுது. நீங்க இங்க சாவிய வச்சுத் தேடிக்கிட்டு இருக்கீய!"

பஸ் முழுக்கச் சிரித்தது. மருமகன் சிரிக்கவில்லை. அவனுக்கு வேலை பெங்களூரில், விமானங்களைச் சோதித்துப் பார்க்கிற ஓர் இடத்தில். "மாமா, இதே சாவியத்தான் எங்க ஆபீஸ்ல பேர மாத்தி, ஏகப்பட்ட விலை குடுத்து வாங்கி வச்சிருக்கோம்" என்றான்.

அங்கே இதன் பெயர் ஆக்ஸிலரோமீட்டர். பாடப் புத்தகத்தில் முடுக்கமானி.

குற்றாலம் தாண்டி ஐந்தருவி போகிற வழியில் பஸ் உறுமிக்கொண்டு ஓர் ஏற்றத்தில் ஏறியது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் சாவி பின்னால் சாய்ந்தபடியே வந்தது.

"வேகம் மாறலையே, பின்ன எதுக்குடே சாயுது?"

"சாவி நேராத்தான் தொங்குது மாமா. பஸ்ஸுதான் சாஞ்சிருக்கு."

சரிதான். நூறடிக்குப் பத்தடி ஏறுகிற ரோட்டில் பஸ் நிதானமாக ஏறினால், 30 சென்டிமீட்டர் நூலில் சாவி சுமார் 3 சென்டிமீட்டர் விலகும். சமதளத்தில் விநாடிக்கு விநாடி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் அதே 3 சென்டிமீட்டர். ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, சாவியை மட்டும் காட்டி, 'பஸ் மேட்டில் ஏறுகிறதா, வேகமெடுக்கிறதா?' என்று கேட்டால் ஐன்ஸ்டைனாலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்கிற அந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் 1907-ல் ஒரு பெரிய சித்தாந்தத்துக்கே பிள்ளையார் சுழி போட்டார்.

மேட்டுக்கும் வேகத்துக்கும் வித்தியாசம் தெரியாத கருவி எதற்கு உதவும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வித்தியாசம் தெரியாததுதான் அதன் சிறப்பே. விமானத்தைச் சோதிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலைக்காரன் கிடையாது. எப்படி என்று பார்க்க, முதலில் அருவிக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

* * *

உங்கள் மொபைல் போனுக்குள்ளும் ஓர் ஆக்ஸிலரோமீட்டர் இருக்கிறது. போனைப் படுக்கவைத்தால் படமும் படுத்துக்கொள்வதும், நீங்கள் நடந்த காலடிகளை எண்ணிச் சொல்வதும் அதன் வேலை. அது காட்டும் எண்ணைப் பார்க்க இலவச ஆப் நிறைய உண்டு. போனை மேசையில் சும்மா வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? காட்டாது. சுமார் 9.8 என்று காட்டும். ஒரு 'ஜி'. மேசை அதை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லவா, அந்தத் தள்ளல்தான் அதற்குத் தெரிகிறது.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். நேரே விழுந்தால் யாரும் தலையைக் கொடுக்க முடியாது. நல்லவேளையாக நடுவில் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, கோபம் தணிந்து, அப்புறம்தான் நம் தலைக்கு வருகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு துளிக்குள் ஆக்ஸிலரோமீட்டர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் விளிம்பைத் தாண்டிய அந்த முதல் கணத்தில் அது காட்டுவது பூஜ்யம். பூமி முழு பலத்தோடு இழுக்கிறது. துளி தலைதெறிக்க ஓட ஆரம்பிக்கிறது. கருவியோ 'ஒன்றும் நடக்கவில்லையே' என்கிறது. தாங்குவார் யாரும் இல்லை, அதனால் பூஜ்யம்.

இப்போது மேலே பெய்கிற சாரல் துளியைப் பாருங்கள். அதுவும்தான் விழுகிறது. ஆனால் காற்று எதிர்த்துத் தள்ளுவதால், கொஞ்ச தூரத்திலேயே ஒரு நிதான வேகத்துக்கு வந்துவிடுகிறது. பெருமழையின் பெரிய துளிகூட விநாடிக்குச் சுமார் 9 மீட்டருக்கு மேல் போகாது. சாரல் அதைவிட மெதுவாக, பஞ்சு மாதிரி இறங்குகிறது. அந்தத் துளிக்குள் கருவி காட்டுவது மறுபடியும் ஒரு 'ஜி'. மேசைமேல் வைத்த மாதிரியே. காற்றுதான் அதற்கு மேசை.

ஆக, இந்தக் கருவிக்குப் புவியீர்ப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மற்றவர்கள் பிடித்துத் தள்ளுவது மட்டுமே தெரியும். அருவித் துளியை யாரும் தள்ளவில்லை, பூஜ்யம். சாரல் துளியைக் காற்று தள்ளுகிறது, ஒன்று.

சரி, பறக்கிற விமானத்தை முன்னும் பின்னும் தள்ளுகிறவர்கள் யார் யார்? இரண்டே பேர். முன்னால் தள்ளுவது இன்ஜின்: த்ரஸ்ட். பின்னால் தள்ளுவது காற்று: டிராக். விமானத்தின் போக்கில், முன்னும் பின்னுமாக ஓர் ஆக்ஸிலரோமீட்டரை வைத்தால், அது காட்டுவது இந்த இரண்டு பேருக்கும் நடக்கிற இழுபறியின் மிச்சத்தை. த்ரஸ்ட்டிலிருந்து டிராக் போக மீதி, அதை விமானத்தின் எடையால் வகுத்தது. அவ்வளவுதான். வேறு சமாசாரம் எதையும் அது கலக்காது.

* * *

இதை ஒன்றாம் தேதி பாஷையில் சொல்கிறேன்.

த்ரஸ்ட் என்பது சம்பளம். டிராக் என்பது செலவு. மீதியை என்ன செய்யலாம்? பாங்கில் போடலாம். அல்லது பைக்குக்குத் தவணை கட்டலாம். விமானத்துக்கும் அதே இரண்டு வழிதான். மிச்சத்தை உயரமாகச் சேமித்துக்கொள்ளலாம், அல்லது வேகமாக அனுபவிக்கலாம். பாதி பாதியும் செய்யலாம். உயரம் பாங்கில் போட்ட பணம். இறங்கும்போது வேகமாக எடுத்துக்கொள்ளலாம், வட்டி மட்டும் கிடையாது.

மிச்சத்தை எடையால் வகுப்பது ஏன்? ஐயாயிரம் ரூபாய் மிச்சம் என்பது தனிக்கட்டைக்கு ஜாலி. எட்டு பேர் இருக்கிற குடும்பத்துக்கு அதே ஐயாயிரம் வெறும் கடுகு, உளுந்து.

கிராமத்து அப்பா ஒருவர் போன் செய்து கேட்பதைக் கற்பனை செய்யுங்கள். "நீ பாங்குல போட்டியா, பைக்குக்குக் கட்டினியா, அந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம்டே. மாசம் எவ்வளவு மிஞ்சுது, அதைச் சொல்லு." ஆக்ஸிலரோமீட்டர் அந்த அப்பா. விமானம் ஏறினாலும், வேகமெடுத்தாலும், இரண்டையும் கலந்து செய்தாலும், அது மொத்த மிச்சத்தை ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். மேட்டுக்கும் வேகத்துக்கும் வித்தியாசம் தெரியாததன் மகிமை இதுதான்.

சம்பளத்தை நேரடியாக அளந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தரையில் என்றால் அளக்கலாம். தென்காசிக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மகேந்திரகிரி இருக்கிறது. இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின்களை அங்கே இரும்புச் சட்டத்தில் இறுகக் கட்டிப்போட்டு எரிய விடுகிறார்கள். விகாஸ் இன்ஜின், சிஇ-20 என்ற கிரையோஜெனிக் இன்ஜின் எல்லாம் அங்கே கட்டுண்டு கர்ஜித்தவைதான். இன்ஜின் தள்ளும், சட்டத்தில் உள்ள விசையளவி இத்தனை டன் என்று சொல்லும். ஒரு வகைத் தராசு.

ஆனால் வானத்தில் தராசை எதில் மாட்டுவது? அங்கே இன்ஜினுக்கும் காற்றுக்கும் நடுவே தராசு வைக்க இடமில்லை. அதனால்தான் சாவி.

* * *

சாவி வருவதற்கு முன்னால் பைலட்டுகள் ஸ்டாப் வாட்சும் பென்சிலும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சில நூறு அடி ஏறுவார்கள். எத்தனை விநாடி ஆயிற்று என்று முழங்காலில் கட்டிய அட்டையில் குறித்துக்கொள்வார்கள். கீழே இறங்கி, வேகத்தைக் கொஞ்சம் மாற்றி, மறுபடி அதே உயரம் ஏறுவார்கள். மறுபடி இறக்கம். மறுபடி ஏற்றம். படமாகப் போட்டால் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். ஆங்கிலத்திலும் அதற்கு ரம்பப் பல் என்றே பெயர். நம் ஊர் அர்த்தத்திலும் அது ரம்பம்தான். பெட்ரோல் காலி, பொழுது காலி. நடுவில் ஒரு காற்று தூக்கிவிட்டால் அந்த வரிசையே காலி.

ஆக்ஸிலரோமீட்டரோடு கம்ப்யூட்டரும் சேர்ந்த பிறகு வேறு மாதிரி. ஒரே உயரத்தில், மெதுவான வேகத்திலிருந்து முழு வேகம் வரை விமானத்தை ஒரே மூச்சில் விரட்டினால் போதும். ஒவ்வொரு வேகத்திலும் மிச்சம் எவ்வளவு என்ற மொத்தப் பட்டியலும் அந்த ஓர் ஓட்டத்தில் கிடைத்துவிடும். இன்னொரு வித்தையும் உண்டு. விமானத்தின் மூக்கை மெல்லக் கீழே அமுக்கி, பயணி ஸீட்டை விட்டு எழும்புகிற அளவு லேசாக்கி, உடனே மேலே இழுத்து இரண்டு மடங்கு கனமாக்குவார்கள். சில விநாடிகளில், இறக்கை எவ்வளவு தூக்கினால் எவ்வளவு டிராக் என்ற முழுக் கோடும் வந்துவிடும். கணக்கு இப்படி: மிச்சம் பாஸ் புக்கில் தெரிகிறது. சம்பளம், தரையில் சோதித்த இன்ஜின் அட்டவணையிலிருந்து தெரிகிறது. இரண்டையும் கழித்தால் செலவு வெளியே வந்துவிடுகிறது. மாமனார்கள் மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்கிற அதே டெக்னிக்.

இந்த வித்தையின் தாத்தா ஒருவரைச் சொல்லவேண்டும். ஜிம்மி டூலிட்டில். 1942-ல் டோக்கியோ மேல் குண்டு போட்ட அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கியவர் என்று சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு 18 வருஷம் முன்னால், 1924-ல், அவர் ஓஹையோவின் மெக்குக் ஃபீல்டில் ஒரு ஃபோக்கர் விமானத்தில், பதிவு செய்கிற ஆக்ஸிலரோமீட்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு, குட்டிக்கரணம், செங்குத்துப் பாய்ச்சல் என்று எல்லாக் கூத்தும் அடித்தார். அதிகபட்சமாகப் பதிவானது 7.8 ஜி. அறுபது கிலோ ஆசாமி அந்தக் கணத்தில் 468 கிலோ. இறக்கை எவ்வளவு தாங்கும், மனுஷன் எவ்வளவு தாங்குவான் என்பதற்கு, 'ரொம்ப' என்ற வார்த்தைக்குப் பதிலாக ஓர் எண் கிடைத்தது.

டூலிட்டிலின் வேலை பெரிய ஜி-க்களை அளப்பது. விமானத்தின் மிச்சத்தை அளப்பவர்களின் வேலை அதற்கு நேர் எதிர். மிக மிகச் சின்ன ஜி-க்கள். இதற்கு நூலும் சாவியும் போதாது. நல்ல கருவியில் சாவியைச் சாயவே விடுவதில்லை. ஒரு குட்டி எடை, பக்கத்தில் ஒரு காந்தச் சுருள். எடை நகரப் பார்த்தால் உடனே சுருளில் கரண்ட் செலுத்தி அதைப் பழைய இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறார்கள். நிறுத்த எவ்வளவு கரண்ட் தேவைப்பட்டதோ அதுதான் அளவு. துள்ளுகிற கன்றுக்குட்டியின் பலத்தை, பிடித்திருக்கிறவன் கை வலியிலிருந்து கண்டுபிடிப்பது மாதிரி.

இவ்வளவு கெட்டிக்காரக் கருவியைப் பொருத்துவதிலும் தலைவலி உண்டு. அது விமானத்தின் போக்குக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு கோணலாக இருந்தாலும், பூமியைத் தாங்குகிற அந்தப் பெரிய ஒரு ஜி-யில் துளி இதில் கலந்துவிடும். ஐந்து டன் விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 9 கிலோ டிராக் என்று பொய் சொல்லும். தவிர, விமானம் மூக்கு காட்டுகிற திசையிலேயே போவதில்லை. மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போகும். எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரிய, சோதனை விமானங்களின் மூக்கில் ஈட்டி மாதிரி ஒரு நீளக் கம்பியும், அதில் காற்றுக்கு ஆடுகிற சின்ன இறகும் வைப்பார்கள். உடம்பு கிளப்புகிற காற்றுக் குழப்பம் எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை நீளம். போட்டோவில் அந்தக் கம்பியைப் பார்த்து ஆயுதம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது கோணமானி, அவ்வளவுதான். பெட்ரோல் எரிய எரிய எடை வேறு குறைந்துகொண்டே வரும், அதையும் கணக்கில் கழிக்கவேண்டும்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குடே ஒரு மில்லிமீட்டருக்கு மல்லுக்கட்டணும்?" என்று ஐந்தருவியில் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன்.

"அந்த மில்லிமீட்டர்லதான் மாமா ஆள் பொழைக்கிறதே இருக்கு" என்றான்.

* * *

மிச்சம் இல்லாத விமானத்தின் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கிற நம் இளைஞர்கள் டிராஃபிக்கில் நிற்கிற சாலைகளில் ஒன்று சுரஞ்சன் தாஸ் ரோடு. யார் அந்த சுரஞ்சன் தாஸ்? விமானப்படையின் சோதனை பைலட். 1961 ஜூன் 17 அன்று, இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானமான எச்.எஃப்-24 மாருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டவர். வடிவமைத்தவர் ஜெர்மனியின் கர்ட் டாங்க். பார்வைக்கு அழகன். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்துக்காகப் போட்ட வடிவம். ஆனால் அதற்கேற்ற இன்ஜின் கடைசிவரை கிடைக்கவே இல்லை. கிடைத்த ஆர்ஃபியஸ் இன்ஜின்களை வைத்து ஒலியின் வேகத்தைத் தொடுவதே பெரும்பாடு. சம்பளம் போதவில்லை. சம்பளத்தைக் கூட்ட, இன்ஜினுக்குப் பின்னால் இன்னொரு முறை எரிபொருள் எரிக்கிற ஏற்பாட்டைச் செய்து சோதித்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மாருத்தில்தான் 1970 ஜனவரி 10-ல் சுரஞ்சன் தாஸ் உயிரை விட்டார். அடுத்த முறை அந்த ரோட்டில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது ஹார்னை ஒரு நிமிஷம் சும்மா விடலாம்.

அதன்பின் வந்த தேஜஸ் 2001 ஜனவரி 4-ல் ராஜீவ் கோத்தியால் ஓட்ட, 18 நிமிஷம் பறந்து இறங்கியது. முதல் தடவை பறந்ததற்கு நாடே கை தட்டியது. கை தட்டல் இல்லாத வேலை அப்புறம்தான் ஆரம்பம். 2008-ல் அதை வெயிலுக்கு நாக்பூருக்கும், குளிருக்கும் உயரத்துக்கும் லே-க்கும் கொண்டுபோனார்கள். சூடான காற்றிலும், மலை உயரத்தின் மெல்லிய காற்றிலும் இன்ஜினின் சம்பளம் குறைந்துவிடும். எங்கே எவ்வளவு குறைகிறது என்று போய்ப் பார்க்காமல் எழுதிவைக்க முடியாது.

இனி, பயணிகள் விமானம். பெரும்பாலும் இரண்டு இன்ஜின். இரண்டில் ஒன்று நின்றுபோனால்? பலம் பாதியாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணவன், மனைவி இருவரும் ஆளுக்கு முப்பதாயிரம் சம்பாதிக்கிற குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு 28 ஆயிரம். மிச்சம் 32 ஆயிரம். ஒருவருக்கு வேலை போனால் மிச்சம் பாதியாகாது. 2 ஆயிரமாகிவிடும். நின்றுபோன இன்ஜினே காற்றில் ஒரு முட்டுக்கட்டையாகி, செலவும் கூடும். வேலை போனவர் வீட்டில் உட்கார்ந்து நாலு தடவை காபி கேட்கிற மாதிரி.

அந்த நிலையிலும் கையில் இவ்வளவாவது மிச்சம் இருக்கவேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பெரிய இரட்டை இன்ஜின் பயணிகள் விமானம், தரையை விட்டு எழும்பி, சக்கரங்களை மடக்கிய பிறகு, ஒற்றை இன்ஜினோடு நூறடிக்கு 2.4 அடியாவது ஏறவேண்டும். 2.4 சதவீதம். ஆக்ஸிலரோமீட்டரில் 0.024 ஜி.

நம் சாவியில் இது எவ்வளவு? 30 சென்டிமீட்டர் நூலில் 7 மில்லிமீட்டர். ஒரு பென்சில் கனம்.

அந்தப் பென்சில் கனம் இருந்தால் விமானம் ரன்வேக்கு அப்பால் உள்ள பனைமரத்துக்கும், செல்போன் டவருக்கும் மேலாக ஏறி, ஒரு வட்டமடித்துத் திரும்ப இறங்கும். இல்லாவிட்டால் அடுத்த நாள் பேப்பரில் முதல் பக்கம். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு கோணல் என்று சற்று முன் சொன்னேனே, அது இந்த நூலில் அரை மில்லிமீட்டர். ஏழில் அரை போவது விளையாட்டில்லை.

இந்த மிச்சத்தை எடை தின்றுவிடும் என்பதற்கு சரஸ் உதாரணம். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல். உருவாக்கிய, 14 பேர் போகக்கூடிய சின்ன விமானம். 2004 மே 29-ல் முதலில் பறந்தது. ஆனால் திட்டமிட்டதைவிட கனத்துப்போயிருந்தது. இரண்டாவது மாதிரியில் 850 குதிரைசக்தி இன்ஜின்களுக்குப் பதிலாக 1,200 குதிரைசக்தி இன்ஜின்கள் வைத்தார்கள். 2009 மார்ச் 6 அன்று அந்த இரண்டாவது மாதிரி ஒரு சோதனைக்காக மேலே போனது. ஓர் இன்ஜினை வேண்டுமென்றே அணைத்து, வானத்திலேயே மறுபடி கிளப்பிப் பார்க்கிற சோதனை. பிடதி அருகே விழுந்தது. மூவர் இறந்தார்கள். விங் கமாண்டர் பிரவீண், விங் கமாண்டர் திபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. இளையராஜாவின் வேலை, ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியர். பைலட் ஓட்ட, கூடவே பறந்து, கருவிகள் சொல்கிற எண்களைக் கவனிக்கிற ஆள். இன்ஜினை மறுபடி கிளப்பும் செய்முறையிலேயே தவறு இருந்தது என்று விசாரணை சொன்னது. எழுதிக் கொடுத்த வரிசை சரியில்லை என்றால், எவ்வளவு நல்ல பைலட்டும் எவ்வளவு நல்ல கருவியும் என்ன செய்யமுடியும்? சரஸின் முதல் மாதிரியைத் திருத்தி, 2018 ஜனவரி 24-ல் மறுபடி பறக்கவிட்டார்கள்.

பைலட் கையேடு என்று ஒரு தடிப் புத்தகம் ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. இன்ன வெப்பத்தில், இன்ன நீள ரன்வேயில், இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று பக்கம் பக்கமாகக் கோடுகளும் அட்டவணைகளும். யாருக்கும் தூக்கம் வரவழைக்கக்கூடிய புத்தகம். அதில் இருக்கிற ஒவ்வொரு கோட்டுக்கும், யாரோ ஒருவர், ஒரு விமானத்தில் ஓர் இன்ஜினைக் குறைத்துவிட்டு, பின்னால் ஒருவர் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நிஜமாகவே பறந்து பார்த்திருக்கிறார்.

தூத்துக்குடியிலோ மதுரையிலோ சித்திரை வெயிலில், மத்தியானம் விமானம் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குக் கூடுதல் காசு கேட்டால் அது வியாபாரம். தாராளமாகச் சண்டை போடுங்கள். ஆனால், 'இன்று வெப்பம் அதிகம், சில பெட்டிகள் அடுத்த விமானத்தில் வரும்' என்று சொன்னால், அது வியாபாரம் இல்லை. யாரோ அந்தத் தடிப் புத்தகத்தைப் பிரித்து, உங்கள் அல்வா டப்பாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பென்சில் கனம் மிஞ்சுகிறதா என்று பார்த்திருக்கிறார். அல்வா நாளைக்கு வரும். நீங்கள் இன்றைக்குப் போய்ச் சேருங்கள்.